இரு என்ற சொல்லும் வெண்பாறைத் தீவும்

திரு வளர்க. ஆழிமங்கல நாடாளும் சீவலதுங்கப் பெருமாளின் ஆணையால், கடற்பேரமைச்சர் விழுப்பரையர், முத்தலைத் துறைகாக்கும் ஏனாதி பொறையன் தத்தருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் கலங்கள் நிறைக. தங்கள் மனையில் நலம் பெருகுக.

நிப்பொன் தீவுகளுக்குச் செல்லும் மாலுமிகள் அம்மொழி பயில, முளையைத் திருகினால் பாடப்பலகை மேலெழும் பேழைகள் நம் கலங்களில் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். பாடம் உண்டு, தெரியாத சொல்லைத் தேட வழியில்லை என்று அவர்கள் முறையிட்டதால், கற்போருக்கான அகராதி ஒன்றைப் பேழையின் அடித்தட்டில் சேர்க்க மன்னர் பணித்தார். அப்பணியை ஏற்றவள் தலைநகரின் மொழியறிஞர் அல்லியங்கோதை. அவளுக்குத் துணையாக, கரையொதுங்கிய நிப்பொன் மாலுமி தோமேகிச்சியை நம் எழுத்து மண்டபத்தில் அமர்த்தினோம்.

அல்லியங்கோதையின் அண்ணன் சாத்தன் கலத்தோடு காணாமற்போய் ஏழு திங்கள் ஆகியிருந்தன. ஈமச்சடங்கும் முடிந்துவிட்டது.

உயிருள்ளவை இருப்பதை அம்மொழியில் ‘இரு’ என்பர்; உயிரற்றவை இருப்பதை ‘அரு’ என்பர். நம் மாலுமிகள் தடுமாறுவது இங்கேதான். ஆகவே ஒரு நண்பகலில் அவள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, ‘என் அண்ணன் உடல் கடலில் இருக்கிறது’ என்பதை அம்மொழியில் எழுதச் சொன்னாள். தோமேகிச்சி ‘உன் அண்ணன் தீவில் இருக்கிறான்’ என்று எழுதினான். இட்ட சொல் ‘இரு’.

“செத்தவர் உடலுக்கு அரு என்று நீதானே சொன்னாய்?” என்று கேட்டாள்.

“ஆமம்மா. ஆனால் இவருக்கு இருதான் வருகிறது,” என்றான் அவன். சாத்தனை அவன் ஒருநாளும் கண்டதில்லை.

அதன்பின் அவள் எச்சொல்லைக் கொடுத்தாலும் அவன் தந்த எடுத்துக்காட்டு அத்தீவைப் பற்றியதாகவே இருந்தது. கல் என்றதற்கு, வெண்பாறையின் கீழே ஊற்று உண்டு என்றான். தெற்கு என்றதற்கு, கலங்கள் செல்லும் வழிக்குத் தெற்கே இரண்டு நாள் என்றான். மனிதர் என்றதற்கு, ஐவர் இருக்கிறார்கள் என்றான். நான்கு நாள் கழித்து அதே சொல்லுக்கு நால்வர் என்றான். பின்னொரு நாள் மூவர். அவள் ஓலைகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்து நம்முன் பரப்பினாள்.

“ஐயா, இவன் எடுத்துக்காட்டுச் சொல்லவில்லை. தலை எண்ணிக்கொண்டிருக்கிறான்,” என்றாள். ஐவர், நால்வர், மூவர் என்று எண் குறைவதை விரலால் சுட்டினாள்.

தங்கள் துறையிலிருந்து நாம் அனுப்பிய படகு பன்னிரண்டாம் நாள் மூவரை உயிரோடு மீட்டு வந்தது. அவர்களில் ஒருவன் சாத்தன். தங்கை அவனுடைய வெடித்த கையை முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. நிப்பொன் மாலுமி ஒருவர் நாள்தோறும் அருகில் அமர்ந்து தங்களை எண்ணினார் என்றும், தம் பெயர் தோமேகிச்சி என்று கூறினார் என்றும், படகு வந்தபோது எவ்வளவு தேடியும் அவரைக் காணவில்லை என்றும் சாத்தன் சொன்னான். அந்நாள்களிலெல்லாம் தோமேகிச்சி நம் மண்டபத்தை விட்டு வெளியேறவே இல்லை. காவலர் சான்று உண்டு. அவன்முன் வைத்த சோறு ஒருநாளும் தொடப்படவில்லை என்பதையும் அவர்கள் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்கள்.

அல்லியங்கோதை அவனிடம் ஒன்றையும் வெளிப்படுத்தவில்லை. எழுத்தாணியோடு காத்திருந்தவன் எதிரே அமர்ந்து, இன்று அத்தீவில் எவரேனும் உண்டா என்று மட்டும் கேட்டாள். ஒருவன் இருக்கிறான் என்றான். ‘இரு’ என்றே சொன்னான். இம்மண்டபத்தில் எவர் உண்டு என்றாள். அவளைக் காட்டி ‘இரு’ என்றான். பின் தன் மார்பைத் தொட்டு, முகத்தில் சலனமின்றி, ‘அரு’ என்றான்.

தீவில் எஞ்சிய அந்த ஒருவன் தோமேகிச்சியே என்பது அவள் துணிபு. ஆகவே இவ்வோலை கண்டவுடன் அதே படகு மீண்டும் வெண்பாறைத் தீவுக்குச் செல்லவேண்டும். பாறையிடுக்கு ஒன்றையும் விடாமல் தேடுக. அங்கே கிடைப்பவர் எவராயினும் முதலில் நீர் கொடுக்க, பிறகு ஆடை, அதன் பின்னரே பெயர் கேட்க. அல்லியங்கோதையும் இவ்வோலையோடு வருகிறாள். சாத்தன் தடுத்துப் பார்த்தான். “உங்களை எண்ண அவன் இருந்தான், அண்ணா. அவனை எண்ண யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டுவிட்டுப் புறப்பட்டாள்.

படகு திரும்பும்வரை இங்கே அமர்ந்திருப்பவனை ஒருவரும் தொடலாகாது என்று காவலருக்குக் கட்டளையிட்டிருக்கிறோம். அவன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான்.

காற்று மாறுமுன் கலம் நீங்குக. நங்கூர முத்திரை இட்டோம். மன்னர் சொல் இது; மறுசொல் இல்லை.