விலைச்சீட்டு இல்லாத அத்தியாயம்

மச்சான்,

கடைச்சாவியைத் தேடாதீங்க, நான் எடுத்துட்டுப் போறேன். லீவு நாள், டூரிஸ்ட் பஸ் வெரசா வந்துரும். நீங்க இப்பத்தான் அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல.

பருப்பு ஆணம் அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிக்கங்க.

நீங்க வாங்கிட்டு வந்த மனச்சோர்வுப் புத்தகத்தை நானும் படிச்சுட்டேன். என்னை மாதிரி தெரிஞ்ச பக்கத்துல எல்லாம் நம்ம கடை ஸ்வெட்டர் விலைச்சீட்டைச் சொருகி வச்சிருக்கீங்களே, நான் என்ன கடைச்சரக்கா? நேத்து சோறு வேணாம்னதும் நீங்க என் மூஞ்சியைப் பார்க்கல, புத்தகத்தைப் புரட்டுனீங்க. அதுக்குத்தான் கத்துனேன்.

ஆனா எனக்கு வந்தது சோம்பேறித்தனம் இல்லைன்னு அதைப் படிச்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. இதை நேர்ல சொல்ல வாய் வராது.

கடைசி அத்தியாயத்துல மட்டும் ஒரு சீட்டும் இல்ல. நோயாளியைக் கவனிச்சுக்கிறவங்களுக்காக எழுதுனது அது. தூக்கம் கெட்டுப்போகும், யார்கூடவும் பேசத் தோணாது, தொட்டதுக்கெல்லாம் கோபம் வரும்னு போட்டிருக்கு. அச்சு அசலா நீங்கதான். அங்க நான் ஒரு சீட்டு வச்சிருக்கேன். படிச்சுட்டு மறுபடியும் படுங்க.

ஆலிமா

மாத்திரை போட்டுட்டேன். சும்மா சும்மா போன் பண்ணாதீங்க.

ஷட்டர் எனக்குத் தூக்க வராது. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக்கிறேன்.

மத்தியானம் கடைக்கு வரும்போது ரெண்டு பேருக்கும் சோறு கொண்டாங்க. புத்தகம் வீட்டுலயே கெடக்கட்டும்.