ஏரிக்கரை நாலாவது

மே 12, திங்கள்

காலையிலேயே அனல். ஆபீஸ் ஏசி இன்றும் ஓடவில்லை. மெக்கானிக் போன வாரத்திலிருந்து "வந்துகிட்டே இருக்கேன் மேடம்". எங்கிருந்து கிளம்பினானோ.

இந்த வாரத்துக்குள் தரவரிசை சென்னைக்குப் போக வேண்டும். சுண்ணாம்புக்கல் தேட ஐந்து பிளாக். எதில் முதலில் துளை போட்டுப் பார்ப்பது என்பதற்கு மார்க்: மண் பரிசோதனை, சாட்டிலைட் படம், பக்கத்து போர்வெல் விவரம், மேல்மண் கனம், ரோடு எவ்வளவு தூரம். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலைதான். என்ன, இங்கே ஃபர்ஸ்ட் ராங்க் வாங்கினால் சுரங்கத்துக்கு நிலம் போகும், ஊரே அழும்.

இப்போதைக்கு கரட்டுமேடு முதல். ஏரிக்கரை நாலு.

மதியம் வழக்கம்போல் வள்ளி அக்கா மெஸ். அரியலூர் வந்ததிலிருந்து எனக்கு மூன்று வேளையும் அங்கேதான். அக்காவுக்குப் பிறந்த ஊர் ஏரிக்கரை. அப்பா கொடுத்த மனையில் வீடு கட்டுகிறார்.

"நீங்க நாலாவதுன்னு சொன்ன அன்னிக்குத்தான் மேடம் எனக்குத் தூக்கமே வந்துச்சு. மறுநாளே கடக்கால் தோண்டச் சொல்லிட்டேன்ல. வைகாசி பொறந்ததும் ஞாயித்துக்கிழம வாசநிலை வெக்கிறோம். கட்டாயம் வரணும்."

ஆபீஸ் விஷயம் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அக்காவின் மீன் குழம்புக்கு முன்னால் கையெழுத்து எம்மாத்திரம்.

வாங்க: முட்டிவலித் தைலம், டார்ச் பேட்டரி.

மே 13, செவ்வாய்

வெயில் நேற்றைவிட மோசம். அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு நடை கரட்டுமேடு. டிரைவர் ஜமால் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர், சவுதியில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர்.

வழியெல்லாம் டிராக்டர். ஏரி வண்டல் ஏற்றிக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாக. ஒதுங்க இடமில்லை.

"ரியாத்ல மணல் காத்துலயே நிறுத்துனதில்ல மேடம். இங்க டிராக்டருக்கு நிக்கிறேன், பாருங்க என் நசீப, என் தலையெழுத்த."

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் போன டிராக்டர் திரும்பி ஒரு மக்காச்சோளக் கொல்லைக்குள் இறங்கியது. எங்கள் கொல்லை. அதாவது ஜனவரியில் நாங்கள் மண் அள்ளிய கொல்லை. ஐந்து பிளாக்கிலும் அதிகச் சுண்ணாம்பு காட்டிய மண்.

இறங்கி ஓடினேன். முட்டி முறையிட்டது.

"எந்த ஏரி வண்டலுங்க இது?"

"நம்ம ஏரிக்கரை ஏரிதாங்க. வருசா வருசம் கோடையில ஓட்டுறதுதான். இதக் கொட்டுனாத்தான் சோளம் ஆளு ஒசரம் நிக்கும்."

கோடையில் ஏரி வற்றினால் வண்டல் அள்ளிக் கொல்லையில் பரப்புவார்கள். இந்த ஜில்லாவில் குழந்தைக்கும் தெரியும். தினம் பார்க்கிறேன், தூசு பறக்கிறதே என்று கார்க் கண்ணாடியைக்கூட ஏற்றிவிடுகிறேன். என் சாம்பிளுக்குள்ளும் அது இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

அங்கேயே குழி போட்டேன். மேலே சாம்பல் நிற மண். அமிலம் ஒரு சொட்டு விட்டதும் பொங்கியது, சுண்ணாம்பு. முழங்கால் ஆழத்துக்குக் கீழே செம்மண். அமிலம் சும்மா கிடந்தது. மேல்மண்ணைச் சலித்தால் நத்தை ஓடு. வானம் பார்த்த மேட்டில் ஏரி நத்தைக்கு என்ன வேலை.

கரட்டுமேடு வாங்கிய மார்க் அதனுடையது இல்லை. ஏரிக்கரையுடையது.

மெஸ்ஸுக்குப் போகவில்லை. பிஸ்கட்.

மே 15, வியாழன்

மேகம் மூடி இருக்கிறது, மழை இல்லை. புழுக்கம். நேற்று முழுக்க ஏரிக்கரையில் நடந்ததில் கால் வீக்கம்.

ஜனவரியில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரைப்பக்கம் கால் வைக்க முடியவில்லை. எடுத்த சாம்பிளும் கொஞ்சம், விழுந்த மார்க்கும் கொஞ்சம். அதுதான் நாலாவது. இப்போது எங்கும் நடக்கலாம். புதிதாகப் போட்ட போர்வெல் பக்கத்தில் கொட்டிக் கிடக்கும் தூள் திருநீறு மாதிரி வெள்ளை.

வள்ளி அக்கா மனையையும் பார்த்தேன். பார்க்காமல் வந்திருக்கலாம். கடைக்கால் குழியின் அடியிலும் அதே வெள்ளை, சுண்ணாம்புக்கல். கொத்தனாருக்கு ஒரே பெருமை.

"கல்லு மேலயே கெடக்குதுங்க மேடம். கெட்டியான எடம். நூறு வருசம் அசையாது. அக்காவுக்கு ராசிதான்."

ஆமாம், நல்ல ராசி.

மறுபடி மார்க் போட்டேன். ஏரிக்கரை முதல். எங்காவது தப்பு இருக்காதா என்று ஆசையோடு இன்னொரு முறை போட்டேன். அப்போதும் அதே.

பேசாமல் இருந்துவிட்டால்? மிஷின் கரட்டுமேட்டுக்குப் போகும், செம்மண்ணைத் துளைக்கும், வெறுங்கையோடு நிற்கும். பாய் நசீப் என்பார், சென்னை ஆபீஸ் சார் என்னைத் திட்டுவார். அக்கா வாசநிலை வைத்து, கூரை போட்டு, பால் காய்ச்சிக் குடியும் போய்விடுவார். அதற்குப் பிறகு ஏரிக்கரைக்கு வந்து இடிக்கச் சொல்வார்களே, அது தேவலையா? கரட்டுமேட்டிலும் மனுஷர்கள்தான். அந்த டிராக்டர்காரர் இந்த வருஷமும் வண்டல் கொட்டிக்கொண்டிருக்கிறார், விதைக்கலாம் என்று நம்பி.

சென்னையிலிருந்து சார் போன்.

"கரட்டுமேடுதானேம்மா? மிஷினுக்குச் சொல்லிடட்டுமா?"

"நாளைக்குச் சொல்றேன் சார்."

"நாளைக்கா? ஏன் இப்படி இழுக்கறீங்க?"

கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. இந்த வேலைக்கு வந்தது கல் பிடிக்கும் என்பதால். கல் இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது.

இன்றும் பிஸ்கட். அக்காவிடமிருந்து இரண்டு மிஸ்டு கால்.

மே 16, வெள்ளி

விடிகாலையில் நாலு தூறல், மண் வாசம்கூட வரவில்லை. ஏசி மெக்கானிக் வந்தான். சரியாகிவிட்டது. குளுகுளுவென்று இருந்த அறையில் உட்கார்ந்து தரவரிசையை அனுப்பினேன். ஏரிக்கரை முதல், கரட்டுமேடு கடைசி. கூடவே வண்டல் கதையும்.

சாரிடமிருந்து பதில்: ஓகே.

இவ்வளவு நாள் அலைந்ததற்கு இரண்டு எழுத்து.

அக்காவுக்குப் போனில் சொல்ல மனசு வரவில்லை. சாயந்திரம் மெஸ்ஸுக்கு நேரில் போனேன். கூட்டம் இல்லை. அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க மேடம், ஆளையே காணும்? ஒடம்புக்கு முடியலையா? ஞாயித்துக்கிழம நீங்கதான் நெலைக்கு மொத மஞ்ச குங்குமம் வெக்கணும், அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். ஒங்களாலதான அந்த வூடே எந்திரிக்குது."

"அக்கா, வாசநிலை வெக்கிறத இப்போதைக்கு நிறுத்தி வைங்க."

"ஏன், நாளு நல்லாத்தான இருக்கு?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப எத்தனாவது?"

ஒரு விரலைக் காட்டினேன்.

அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்லில் தோசை தீய்ந்து புகை வந்தது. அப்புறம் அதைச் சுரண்டி எடுத்துப் போட்டுவிட்டு, எண்ணெய் தடவி, வேறொன்று ஊற்றினார். எடுத்து என் இலையில் வைத்தார். சட்னி ஊற்றினார்.

எனக்குப் பசித்தது. சாப்பிட்டேன்.