சிரிலின் வெள்ளி டம்ளர்

ஏனுங்க,

டூட்டி முடிஞ்சு வந்து அசந்து தூங்கறீங்க, எழுப்பலை. பையனுக்குத் தடுப்பூசி போட காந்திபுரம் போறேன். ஹாட்பாக்ஸ்ல சந்தகை இருக்குது. வெளிய போனா சாவிய எதிர்வீட்டுல குடுத்துப்போடுங்க.

ஃபிளாஸ்க்குல காபி இருக்குதுங்க. மத்த டம்ளரையெல்லாம் ஒளிச்சு வெச்சுப்போட்டேன். உங்கக்கா நேத்து பொள்ளாச்சியிலிருந்து பையனுக்குக் கொண்டுவந்த வெள்ளி டம்ளர்லதான் நீங்க குடிக்கோணும். வின்ஸ்டன் மகன் சிரில்னு ஆசையா இனிஷியல் வெட்டியிருக்காங்க பாருங்க: டபிள்யூ. சி. கக்கூஸ் கதவுல எழுதற அதே ரெண்டு எழுத்து! "அதையெல்லாம் யாரு அம்மணி கவனிக்கறாங்க?"ன்னு நேத்து பூரா சண்டை போட்டீங்கல்ல? ஒரு வாய் குடிச்சுட்டு இப்பச் சொல்லுங்க.

ஆஷ்லி

பி.கு: டிவி மேல சர்ச்சுல குடுக்கற ஞானஸ்நான ஃபாரம் இருக்குது. நிரப்பிட்டேன். பேரு சிரில்தான். செத்துப்போன உங்கப்பா பேர வெக்கோணும்ங்கற உங்க ஆசைய நான் கெடுப்பனுங்களா? உங்க இனிஷியலுக்குப் பதிலா என்னுதைப் போட்டிருக்கேன், அவ்வளவுதான். ரயில்வேக்காரர் மகன் ஏ.சி.யிலயே போகட்டும். கையெழுத்துப் போட்டு வைங்க.

இன்னொண்ணு: கையெழுத்துப் போட்டாத்தான் மத்த டம்ளரெல்லாம் இருக்கற இடத்தச் சொல்லுவேன்.