நான்கு பேருக்கு ஒரு ரிபன்

ஒக்டோபர் 12, ஞாயிறு

காலையில் மூட்டம், மழை இல்லை. சலவை இயந்திரம் மறுபடியும் தண்ணீர் கசிகிறது. திருத்த வருவதாகச் சொன்னவர் போனை எடுப்பதே இல்லை.

மாலை கடற்கரை நடை. நானும் இவரும் மகள் துஷாவும். டொக்டர் சொல்லிவிட்டார்: "மருந்துக் குளிசை மட்டும் காணாது. வெளியில கூட்டிக்கொண்டு திரியுங்கோ. வெயில் படட்டும், கால் நடக்கட்டும்." மற்றக் குடும்பங்கள் ஆசைக்கு வெளியே போகின்றன, நாங்கள் மருந்துக்குப் போகிறோம். போகட்டும்.

மரைன் டிரைவைக் கடந்து, ரயில் பாதையைக் கடந்து, பாறைகளை ஒட்டிய மணலில் தெஹிவளைப் பக்கமாக. ஒரு பக்கம் ரயில், மறுபக்கம் கடல். நான் ரயில் பக்கம் நடந்தேன், இவரைக் கடல் பக்கம் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் சரியாகப் படவில்லை. துஷாவைக் கடல் பக்கம் வரச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. பதினாறு வயது, எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிற பிள்ளை. கேட்காமல் இடம் மாறினது எனக்கு என்னவோ செய்தது.

பாணந்துறை ரயில் போனது. இவர் நின்றுவிட்டார். கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய சேட்டுக் கொலரைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன், ஏதோ ஊத்தை பார்ப்பவள்போல.

இரவு இடியப்பம், சொதி. இரண்டு சாப்பிட்டார். குளிசை. படுக்கை. சுவர்ப் பக்கம் முகம்.


ஒக்டோபர் 14, செவ்வாய்

வெக்கை. கந்தோரில் அரைநாள் லீவு கேட்டேன், முகத்தைச் சுளித்தார்கள்.

லிஃப்டில் இரண்டாம் மாடி மிஸிஸ்: "குணம் அண்ணையைக் கண்டு கனநாள். சுகமோ?" "காஸ்ரிக்" என்றேன். ஒரு வருடமாக இவருக்கு காஸ்ரிக். அவ வெந்தய வைத்தியம் சொன்னா, போன மாதம் சொன்ன அதே வெந்தயம். தலையை ஆட்டினேன்.

காஸ்ரிக் என்று சொல்லச் சொன்னது மச்சாள். இவருடைய அக்கா. கல்யாணம் கட்டாதவ, தபால்கந்தோரில் இருந்து பென்சன் எடுத்தபிறகு எங்களோடுதான். "ஒருத்தருக்கும் வாய் திறக்காதை வதனி. விசர்க்குடும்பம் எண்டு பேரெடுத்தா, நாளைக்கு ஆர் பிள்ளையைக் கட்டுவினம்?" பிள்ளைக்கு இன்னும் ஓ.எல். பரீட்சையே முடியவில்லை.

போன வருடம் இதே காலம் இந்த வருத்தத்தின் மறுபக்கம். நாட்கணக்கில் நித்திரை இல்லாமல் பாட்டு, பகிடி, மாடி முழுக்க எல்லாருக்கும் ஐஸ்கிரீம். நான்கூடச் சிரித்தேன், மனுசன் நல்ல சந்தோஷத்தில் இருக்கிறார் என்று. பிறகு ஒரு பின்னேரம் மோட்டார் சைக்கிளைக் காலி வீதியில் நின்ற யாரோ ஒருவருக்குச் சும்மா கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டு நடந்து வந்தார். அதன்பிறகு ஆஸ்பத்திரி. அதன்பிறகு குளிசை. அதன்பிறகு இந்தச் சுவர்.

தேங்காய், மா, வாளி ஒன்று வாங்க வேண்டும்.


ஒக்டோபர் 16, வியாழன்

துஷா ஒரு செய்தியோடு வந்தாள். 26ஆம் திகதி சுதந்திர சதுக்கத்தில் குடும்ப ஓட்டம். ஐந்து கிலோமீற்றர். குடும்பத்துக்கு நான்கு பேர், நான்கு பேருக்கும் ஒரு ரிபன். ரிபனை நான்கு பேரும் பிடித்தபடி கோட்டைத் தாண்ட வேண்டும், ஒருவர் விட்டாலும் கணக்கில்லை.

"அப்பா பள்ளிக்கூடத்தில ஓடினவர்தானே அம்மா?"

கட்டிலில் இருந்து குரல்: "எண்ணூறு மீற்றர்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கேட்காமல் அவர் வாயிலிருந்து வந்த சொல், எத்தனை நாளுக்குப் பிறகு!

நாலாவது ஆள் யார் என்று யோசித்தோம். மச்சாள் பயத்தங்காய் முறித்தபடியே, "நான் என்ன செத்தே போனன்? நடந்தெண்டாலும் வந்து சேருவன்" என்றா.


ஒக்டோபர் 18, சனி

பின்னேரம் இடி. மழைக்கு முன் ஒத்திகை.

மச்சாளுக்கு வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து வாங்கியாயிற்று. சேலையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தூக்கி ஊசி குத்தியிருந்தா. துஷாவின் பழைய தலை ரிபனைப் பிடித்து மணலில் ஓடினோம். மச்சாள் வலதுகாலை மட்டும் ஓடவிட்டா, இடதுகால் நடந்தது. துஷா சிரித்து விழுந்தாள்.

இவர் கொஞ்சத் தூரம் வந்தார். பிறகு ரிபனைவிட்டு ஒரு பாறையில் இருந்துவிட்டார். "ஏலாது வதனி. கால் ஈயம் மாதிரிக் கிடக்கு. நீங்கள் மூண்டு பேரும் ஓடுங்கோ."

"மூண்டு பேரை எடுக்கமாட்டினம் அப்பா" என்றாள் துஷா.

"அப்ப விடுங்கோ."

மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வந்தோம். இந்த ஓட்டம், நடை, காற்று, வெயில் எல்லாம் யாரை ஏமாற்றுவதற்கு? எனக்கு அலுத்துவிட்டது. பிள்ளைக்கு முன்னால் அலுப்பைக் காட்டவும் முடியாது.


ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. எண்ணெய் முழுக்குக்கு இவர் எழும்பவில்லை. புதுச் சேட்டைக் கதிரையில் விரித்து வைத்தேன், இரவு மடித்து வைத்தேன்.


ஒக்டோபர் 22, புதன்

கந்தசஷ்டி தொடக்கம். மச்சாள் வழமைபோல் ஆறு நாளும் விரதம், பாலும் பழமும்தான். அதிசயம்: இவரும் பிடிக்கப் போகிறாராம். தானாகவே சொன்னார். வெறும் வயிற்றில் ஓட்டமா என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஒன்றை வேண்டும் என்று சொல்கிறாரே, அதுவே பெரிது.

இரவு குளிசையை எடுத்துக்கொண்டு போனேன். மச்சாள் வாங்கிக்கொண்டா. "நீ வேலையால களைச்சு வாறனி. போய்ப் படு. விரதம் முடியுமட்டும் சுவாமி அறையில கும்பிட்டிட்டு நான் குடுக்கிறன்."

நல்ல நித்திரை. எனக்கு.


ஒக்டோபர் 24, வெள்ளி

எழுதப் பயமாக இருக்கிறது, எழுதினால் கண்ணூறு பட்டுவிடும்போல.

விடிய எழும்பினால் இவர் குளித்து, சவரம் செய்து, எனக்குப் பிளேன்ரீ போட்டு வைத்திருக்கிறார்! "சீனி காணுமோ எண்டு பாரும்" என்றார். சீனி கூடிவிட்டது. பாணி மாதிரிக் கிடந்தது. முழுவதும் குடித்தேன்.

பின்னேரம் பேரை வாவியில் அன்னப் படகு. துஷாவும் அவரும் மிதித்தார்கள், நானும் மச்சாளும் பின்னால் மகாராணிகள்போல. நடுவாவியில் படகைச் சுற்றச் சுற்ற விட்டு, "தலை சுத்துதோ அக்கா? பென்சன் காசு தண்ணிக்கை விழப்போகுது!" என்றார். மச்சாள் "முருகா முருகா" என்று கத்தினா. துஷா தன் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு மிதித்தாள். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், நல்லவேளை.

டொக்டர் சொன்னது சரிதான். வெயில்தான். காற்றுத்தான்.


ஒக்டோபர் 25, சனி

காலையில் கடற்கரையில் துஷாவோடு ஓடினார். திரும்பி வந்தும் ஓட்டம் நிற்கவில்லை, வாய் ஓடியது. அடுத்த வருடம் நாலு பேரும் கதிர்காமத்துக்கு நடை. கூடாரம் வாங்க வேண்டும். சிவனொளிபாத மலை. திருகோணமலையில் நீச்சல். எனக்குச் சைக்கிள் பழக்குகிறாராம்.

"எனக்கு நாற்பத்தாறு வயது" என்றேன்.

"அதுக்கென்ன, சைக்கிளுக்கு வயது தெரியுமே?"

விடியப் பார்த்தேன், படுக்கையில் அவர் பக்கம் விரிப்புக் கசங்கவே இல்லை. ஓட்டத்தை நினைத்து நித்திரை வந்திராது என்று எண்ணிக்கொண்டேன். வேறொன்றும் எண்ண விரும்பவில்லை.

நாளைக்கு: தண்ணீர்ப் போத்தல் 4, துவாய், மச்சாளுக்கு ஊசி, வாழைப்பழம், குடை.


ஒக்டோபர் 26, ஞாயிறு

வெயில். நல்ல வெயில்.

மஞ்சள் ரீ-சேட் நான்கு. மச்சாள் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, எல்லாருடைய நெற்றியிலும் விபூதி பூசினா. பக்கத்தில் நின்ற சிங்களக் குடும்பத்தின் சின்னப்பிள்ளை தானும் நெற்றியை நீட்டியது, அதற்கும் பூசினா. ரிபன் சிவப்பு. முதலில் துஷா, பிறகு இவர், நான், கடைசியில் மச்சாள்.

முதற்சுற்று எப்படி ஓடினேன் என்று தெரியாது. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தேன். இவர் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கை காட்டினார், மற்றக் குடும்பங்களுக்குக் கை தட்டினார், "அக்கா, இடதுகாலையும் கூட்டிக்கொண்டு வாங்கோ!" என்று பின்னால் பார்த்துக் கத்தினார். கல்யாணம் கட்டின புதிதில் இருந்த மனுசன். சத்தியமாக அதே மனுசன். எனக்கு இது போதும், இதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று நினைத்தேன்.

கோடு தெரிந்தது. ரிபன் கையில் தொய்ந்தது. பார்த்தால், இவர் விட்டுவிட்டார். எண்ணூறு மீற்றர்க்காரர்போலத் தலையை நிமிர்த்தி, கைகளை வீசி எங்களை விட்டு ஓடினார். "அப்பா! ரிபன்! அப்பா!" கோட்டைத் தாண்டினார். நிற்கவில்லை. ஆட்களுக்குள்ளால் புகுந்து வீதிப் பக்கம் போய்விட்டார். சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

நாங்கள் மூவரும் ரிபனோடு கோட்டைத் தாண்டினோம். "நாலாவது ஆள் எங்கே?" என்று கொடியோடு நின்றவர் கேட்டார். நான் வீதிப் பக்கம் ஓடினேன்.

வீதியோரம் ஒரு செவ்விளநீர் வண்டி. அதற்குப் பக்கத்தில் இவர், வெறுங்கால். கை நிறைய இளநீர், வாய் நிறையச் சிரிப்பு. வண்டிக்காரர் என்னைக் கண்டதும் அந்தரப்பட்டு ஓடிவந்தார். கையில் இவருடைய மணிக்கூடு, கக்கத்தில் இவருடைய சப்பாத்து. "நோனா, மட்ட எபா, மட்ட எபா." தனக்கு வேண்டாம், வேண்டாம் என்று என் கையில் திணித்தார்.

"குடுத்ததைத் திருப்பி வாங்காதையும் வதனி! அந்தாளுக்கு நேரம் தெரியாதாம்!"

மோட்டார் சைக்கிள். அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து மச்சாளைக் கேட்டேன். "குளிசை குடுத்தனீங்களோ?" சுவாமி அறைக்குள் போனா. முருகன் படத்துக்கு முன்னால் இருந்த வெள்ளிச் சிமிழைக் கொண்டுவந்து திறந்தா. சஷ்டி தொடங்கிய நாள் முதல் கொடுத்த குளிசைகள் அத்தனையும் விபூதிக்குள்.

"விரதத்தில அதை விழுங்கினா விரதம் முறிஞ்சுபோமெண்டு தம்பி கேட்டவன். ஆறு நாள்தானே, முருகனிட்ட வையடா, அவர் பாப்பார் எண்டு சொன்னனான். அவன் எழும்பி நடக்க, முருகன் பாத்திட்டார் எண்டுதான் வதனி நினைச்சன்." என் காலைப் பிடிக்க வந்தா. அறுபத்திரண்டு வயது. இன்னும் அந்தக் கன்வஸ் சப்பாத்தோடு.

அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்க எனக்கு என்ன யோக்கியதை? முருகன் என்று அவ நினைத்தா, வெயில் என்று நான் நினைத்தேன்.

இவர் ஹோலில் கதிரைகளை இடம் மாற்றுகிறார். பாடுகிறார்.


ஒக்டோபர் 27, திங்கள்

சூரன்போர். கோயில் மேளம் யன்னலால் கேட்டது. முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரி. இவரை நடுவில் இருத்தினோம், துஷா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாட்டில் வைத்துக்கொண்டார்கள்.


நவம்பர் 2, ஞாயிறு

மழை. பார்வையாளர் நேரம் மூன்று மணி. பாடுவது நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, "நனைஞ்சிட்டீர்" என்றார், அவ்வளவுதான்.

நேர்ஸ் வந்து குளிசை கொடுத்தா. விழுங்கியதும், "கட அறின்ன" என்றா. வரிசையாகக் கட்டில் கட்டிலாக எல்லா ஆண்களும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்கள். இவரும். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மிஸிஸ் லிஃப்டில்: "காஸ்ரிக் கூடிப்போச்சோ?" "இல்லை, மனவருத்தம், மனநோய். ஆஸ்பத்திரியில இருக்கிறார்" என்றேன். அவவுக்கு வெந்தயம் வாயில் வரவில்லை.


நவம்பர் 7, வெள்ளி

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கட்டில். சுவர். சலவை இயந்திரக்காரர் ஒருவழியாக வந்தார், ரப்பர் வளையம்தானாம்.

மச்சாள் சுவாமி அறைக்குள் போவதில்லை. விளக்கைத் துஷா ஏற்றுகிறாள்.


நவம்பர் 9, ஞாயிறு

மூட்டம். பின்னேரம் துஷா நான்கு சோடிச் சப்பாத்தையும் வாசலில் வரிசையாக வைத்தாள். ஒருவரையும் கூப்பிடவில்லை, வைத்துவிட்டுப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். இருட்டும்வரை இருந்தாள். பிறகு ஒவ்வொரு சோடியாக எடுத்து அடுக்கினாள். ரிபன் அவளுடைய மேசைக் கைபிடியில் கட்டிக் கிடக்கிறது.

சோறு, பருப்பு. கொஞ்சம் சாப்பிட்டார். குளிசை கொண்டுபோனபோது என் கையைப் பிடித்தார்.

"வதனி, அண்டைக்கு ஓடினது நான்தானே?"

"ஓம்."

"இல்லை, வடிவா யோசிச்சுச் சொல்லும். அது நானோ, வருத்தமோ? வருத்தமெண்டா, நான் எது? இதோ?" சுவரைக் காட்டினார்.

எனக்குத் தெரியாது. அந்த ஓடின மனுசன் எனக்கு வேண்டும் என்று சொல்லவும் முடியாது.

குளிசையை வாங்கி, தண்ணீரோடு விழுங்கினார். பிறகு, நான் கேட்காமலே, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.