வெள்ளைக் கீரிக்கு நெய்ச்சோறிட்ட பெருமான்

மங்கலம் பெருகுக, மாரி வழங்குக! ஆழி சூழ் வெண்ணாவல் நாட்டு வேந்தரும், எட்டு மலைக்கு உடையவரும், பகைவர்தம் பல்வலியும், வெள்ளைக் கீரிக்கு நெய்ச்சோறிட்ட பெருமானுமாகிய வேழமுடியாரின் ஆணையால், உப்பளக்கோட்டைத் தலைவர் நெடுங்கீரனாருக்கு, ஓய்வுபெற்ற அமைச்சர் பெருஞ்சாத்தனார் விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையில் காற்றும் காவலும் குறைவற நிலவுக, உப்பு கரையாதிருக்க!

நேற்று விலங்கிட்டு அங்கே அனுப்பப்பட்ட வாயிற்காவல் தலைவி எயினியை, இவ்வோலை கண்ட கணமே விடுவித்து, விரைவான குதிரையில் ஏற்றித் திருப்பி அனுப்புக. காரணத்தைச் சுருங்கச் சொல்லும்படி அரசர் பணித்தார். ஓய்வில் இருப்பவருக்குச் சுருக்கம் எப்படி வரும்?

அரசர் நுழையும்போது வாயில்காப்போர் மறைச்சொல் கேட்டுச் சங்கு ஊதுவது நம் வழக்கம். நேற்று வேட்டையிலிருந்து மீண்ட அரசர் கீழைவாயிலில் மறைச்சொல் சொன்னார், சங்கு முழங்கிற்று. அவ்வொலி அடங்குமுன் தென்வாயிலிலும் சங்கு முழங்கிற்று. ஒரே நேரத்தில் இரு வாயிலிலும் நுழைய அரசர் என்ன அடைமழையா? எயினி திகைத்து நிற்கவில்லை. உள்வாயில்களை அடைத்தாள், பழைய மறைச்சொல் செல்லாதென்றாள், புதியதை உள்காவலர் காதில் மட்டும் ஓதினாள், பழையதைச் சொல்பவர் எவராயினும் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்றாள்.

கருவூலத்தை நோக்கிச் சென்ற மூடுபல்லக்கில் ஒட்டுமீசையோடு ஒரு திருடன் அகப்பட்டான். மறைச்சொல் எப்படித் தெரியும் என்று வினவ, தினமும் காலையில் தெருத்தெருவாய்ப் பறையறைந்து நீங்களேதானே ஐயா சொல்றீங்க என்றானாம். உண்மைதான். அரசருக்கு மறைச்சொல் மறந்துபோவதால், இன்றைய அமைச்சர், நாள்தோறும் பறையறைந்து சொல்லும் அவர் பட்டங்களிலேயே அதைக் கோத்துவிட்டார். கீரி எங்கிருந்து வந்தது என்று நாடே வியந்ததே, அங்கிருந்துதான்.

இதற்கிடையே மெய்யான அரசர் உள்வாயிலுக்கு வெளியே வெயிலில் வெந்துகொண்டிருந்தார். எயினி வெளிவந்து, அரசராகவே இருக்கலாம், கணையாழியைக் காட்டியருள்க என்று வேண்டினாள். கணையாழியோ குளியலறைக் கல்மேல் கிடந்தது. அப்படியானால் பொறுத்தருள்க என்றாள். அரசர் பொறுக்கவில்லை. உடன்வந்த வேட்டை வீரரைக் கொண்டு அவளுக்கு விலங்கு பூட்டி, ஆயுள் முழுதும் உப்பு வாரட்டும் என்று அனுப்பினார். அவள் சென்ற புழுதி அடங்கிய பிறகே, புதிய மறைச்சொல்லைக் கேட்டு வைக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

உள்காவலர் கதவு திறக்கவில்லை. தலைவி சொல்லாமல் திறக்க மாட்டோம், வேண்டுமானால் மீசையைச் சற்று இழுத்துக் காட்டுக என்றனர். அரசர் இழுத்தார், அலறினார். பசை நல்ல பசை என்று காவலர் தமக்குள் வியந்தனர். மேன்மாடத்திலிருந்து எட்டிப்பார்த்த பட்டத்தரசியாரோ, முகம் அவர் முகம்தான், ஆனால் தம் கணவர் இத்தனை நேரம் ஒரே இடத்தில் நின்று தாம் கண்டதில்லை என்று ஐயம் தெரிவித்தார்.

ஆகவே எட்டு மலைக்கு உடையவர் இப்போது யானைக் கொட்டிலில் எழுந்தருளியிருக்கிறார். யானை மறைச்சொல் கேட்பதில்லை. புதிய சொல் கிடைத்ததும் அதையும் பட்டங்களில் சேர்க்கலாமே என்று இன்றைய அமைச்சர் பணிவுடன் விண்ணப்பித்தார். சிறையும் உள்வாயிலுக்குள்ளேயே இருப்பதால், அவரை அதில் தள்ளித் தாழிட வழியின்றி அரசர் வைக்கோல்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார்.

எயினியிடம் மறைச்சொல்லைக் கேட்க வேண்டா, சொல்ல மாட்டாள். அவளையே அனுப்புக. தண்டனை நீங்கியது, இனி நான்கு வாயிலும் அவள் சொற்படி, அரசரும் அவள் கேட்டால் கணையாழி காட்டுவார்.

அரச முத்திரை உள்ளே சிக்கியிருப்பதால், இவ்வோலையில் யானைப்பாகனின் அங்குச முனை பதிக்கப்பட்டுள்ளது. இதைத் தாங்கள் ஐயுறுவீர்கள், ஐயுறுவதே முறை. எயினியிடமே காட்டுக. விலங்கு பூட்டியவனிடம், இறுக்காதடா, சாயங்காலமே கழட்டணும் என்று அவள் முணுமுணுத்தது அரசர் காதில் விழுந்தது என்று சொல்லுக. கேட்டு அவள் சிரித்தால் இவ்வோலை மெய். அச்சிரிப்பே முத்திரை, அதுவே ஆணை.