ஐந்தாம் ஆட்டத்தைப் பற்றிய என் தீர்ப்பு

செப். 9, 2012. ஞாயிறு.

வெயில். காலை பத்துக்கே சுவர் சுடுகிறது. பதினொன்று வரை மின்சாரம் இருக்கும் என்றார்கள். பத்தேகாலுக்கே போய்விட்டது.

ஸ்டெல்லா திருச்சியிலிருந்து ஃபோன். என் தங்கை, அறுபத்தாறு வயதில் இப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறாள். "அக்கா, நீ எந்நேரமும் ஏதோ விளையாடுறியே, எது நல்லாயிருக்கும்னு எழுதி அனுப்பு" என்றாள். எந்நேரமும் இல்லை. காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. என் கணவர் காலமான பிறகு இந்த இயந்திரத்தை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னவளும் இவள்தான். எழுதுகிறேன். எது நல்லது, எது குப்பை, காரணத்தோடு.

வரைவு:

1. எல்லாச் சீட்டும் முகம் காட்டிக் கிடக்கும் ஆட்டம். முதலிடம். ஒளிவு மறைவு இல்லை. தோற்றால் தப்பு நம்முடையது. மேலே நான்கு காலி இடம் தருகிறார்கள். அவசரப்பட்டு நிரப்புகிறவள் மாட்டிக்கொள்வாள். ஸ்டெல்லா நிரப்புவாள்.

2. கண்ணிவெடிக் கட்டம். எண்களைப் பார்த்து வெடி எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அருமை, கடைசி இரண்டு கட்டம் வரை. அங்கே வந்ததும் ஊகிக்கச் சொல்கிறது. எங்கள் கான்வென்ட்டில் ஊகத்துக்கு மதிப்பெண் கிடையாது. விடை சரியாக இருந்தாலும் சிஸ்டர் சிவப்புக் கோடு போடுவார். ஆகவே இரண்டாமிடம்.

விசிறி சுற்றத் தொடங்கியது. பால் பொங்கிவிட்டது போல வாசனை.

செப். 11. செவ்வாய்.

மழை வரும் போலிருந்து வரவில்லை. உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் எத்தனை நடை. புத்தகம் எடுத்தேன், எழுத்து கலங்குகிறது, வைத்துவிட்டேன். மேஜை விளக்கு மங்கல். பல்பு மாற்ற வேண்டும்.

நாலரைக்கு இசக்கி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கே. மாடி அறையில் ஒன்றரை வருடமாகக் குடியிருக்கிறாள். திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் கார் கம்பெனி. பெயின்ட் அடித்து வரும் கதவுகளைக் குழல்விளக்கின் கீழ் பார்த்து, தூசியா, கொப்புளமா, நிறம் மாறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வேலை. பழுது இருந்தால் காகித டேப்பில் அம்புக்குறி போட்டு அதன் பக்கத்தில் ஒட்ட வேண்டுமாம். ஒட்டியவள் எடுக்கக் கூடாது. பழுதைச் சரி செய்தவர் அதில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் டேப் இறங்கும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

குடிவந்த அன்று 'ஆச்சி' என்றாள். அது வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து மேடம்.

மவுஸ் அவள் கையில், கட்டளை என் வாயில். ஒரு வருடமாக இப்படித்தான். இன்று ஓட்டல் ஆட்டம், அவள் தேர்வு.

3. விழும் கட்டைகள். மேலிருந்து இறங்குவதைத் திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். இதில் ஜெயிப்பது என்பதே இல்லை, தோற்பதைத் தள்ளிப்போடலாம். படபடப்பு உள்ளவர்கள் தொட வேண்டாம். நான் தினமும் ஆடுகிறேன்.

4. ஓட்டல் ஆட்டம். வந்தவர்களை உட்கார வைத்து, கேட்டதைக் கொடுத்து, தட்டை எடுத்து. தாமதமானால் முகம் சுருங்கிப் போய்விடுவார்கள். எட்டு மணி நேரம் லைனில் நின்று வந்தவள் இங்கே இன்னொரு லைனில் ஓடுகிறாள். ஏன் என்று கேட்டேன். "இங்கன தப்பு பண்ணுனா சூப்பர்வைசர் வரமாட்டாருலா" என்றாள். நல்ல காரணம். ஸ்டெல்லாவுக்கும் பிடிக்கும், பத்துப் பேருக்குச் சமைத்துப் பழகியவள்.

செப். 13. வியாழன்.

இன்று நடந்ததை எழுதிவிட்டால் அடங்கும் என்று நினைக்கிறேன்.

வண்ண உருண்டை ஆட்டம். கீழிருந்து உருண்டையை எய்ய வேண்டும், ஒரே நிறம் மூன்று சேர்ந்தால் உடைந்து விழும். ஒன்பதாம் கட்டத்தை இதுவரை தாண்டியதில்லை. இன்று பச்சையைப் பச்சையோடு சேர்க்கச் சொன்னேன். இசக்கி கையை எடுத்துவிட்டாள். அது பச்சை இல்லையாம், நீலமாம். மவுஸை வாங்கி நானே எய்தேன். உடையவில்லை. மறுபடியும். உடையவில்லை. ஆட்டத்தில் பிழை என்றேன்.

"ஆட்டத்துல ஒண்ணுமில்ல மேடம். எங்க கம்பெனியில ஆறு மாசத்துக்கு ஒருக்க கண்ணு டெஸ்ட் வைப்பாவ. நீங்க எப்ப கடைசியா பாத்திய?"

மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. உங்கள் காரில் ஒரு கதவு நீலமும் ஒரு கதவு பச்சையுமாக வெளியே போவது ஏன் என்று இப்போது தெரிகிறது என்றேன்.

அவள் எழுந்தாள். "என்னைய என்ன வேணா சொல்லுங்க. எம் வேலைய சொல்லாதிய." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

5. வண்ண உருண்டை. வேண்டாம். மங்கலான நிறங்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. ஆடுகிறவரை ஏமாற்றும் ஆட்டம்.

செப். 14. வெள்ளி.

பட்டியலைச் சுத்தமாக எழுதி ஸ்டெல்லாவுக்குத் தபாலில் போட்டேன். ஐந்தாவதன் கீழ் இரண்டு கோடு.

திரும்பி வந்து பார்த்தால் மானிட்டர் சட்டத்தில் காகித டேப் துண்டு. அம்புக்குறி திரையைக் காட்டவில்லை. வெளியே, என் நாற்காலியைக் காட்டுகிறது.

பிய்த்து எறியக் கை போனது. ஒட்டியவள் எடுக்கக் கூடாது, சரி செய்தவர்தான் எடுக்கலாம் என்பது நினைவு வந்தது. நான் எதைச் சரி செய்தேன்? விட்டுவிட்டேன். அதன் எதிரில் உட்காரவும் முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அப்படியும் என்னைத்தான் காட்டுகிறது.

மாலையில் இசக்கி வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். முதல் தேதி மண்ணூரில் ஹாஸ்டலுக்குப் போகிறாளாம். பஸ் அங்கேயும் நிற்குமாம். சரி என்றேன்.

செப். 16. ஞாயிறு.

பூசையில் மனம் நிற்கவில்லை. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது.

வந்ததும் எம்பிராய்டரி நூல் பெட்டியை இறக்கினேன். நூல்கண்டுகளில் கம்பெனி ஒட்டிய நிற எண்கள் உண்டு, எந்த எண் எந்த நிறம் என்பது எனக்கு மனப்பாடம். நீலம், பச்சை மட்டும் எடுத்து, எண் சீட்டை உள்ளே மடித்து, ஜன்னலருகே உட்கார்ந்து இரண்டு குவியலாகப் பிரித்தேன். பன்னிரண்டு கண்டு. நேர்மையாகச் செய்தேன், ஊகிக்கவில்லை. பிறகு பூதக்கண்ணாடியால் எண்ணைப் பார்த்தேன்.

ஐந்து தப்பு. கறுப்பு என்று பெட்டியிலேயே விட்ட ஒன்று ஊதா.

மறுபடியும் பிரித்தேன். ஆறு தப்பு.

பெட்டியை மூடிவிட்டு மூன்றாம் எண் ஆட்டம் ஆடினேன். வெகு சீக்கிரம் தோற்றேன். டேப் அங்கேயே.

செப். 18. செவ்வாய்.

கண் டாக்டர். கண்ணியப்பன் ஆட்டோ. மூன்று மணி நேரம் பெஞ்சில். கைபேசியில் பாம்பு ஆட்டம்.

6. பாம்பு. காத்திருக்கும் இடங்களுக்கு மட்டும். தின்னத் தின்ன வால் நீளும், கடைசியில் தன் வாலிலேயே முட்டிச் சாகும். எளிய ஆட்டம், ஆனால் பட்டன் தேயும்.

டாக்டர் சின்னப் பெண். இரண்டு கண்ணிலும் புரை. வலது நன்றாக முற்றிவிட்டதாம். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். விளையாடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வலது கண். இடதை ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாமாம். ஒன்று போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. மாடியிலும் சொல்லவில்லை.

செப். 22. சனி.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது போல எழுதுகிறேன், வரி கோணலாக இருக்கும்.

நேற்று முடிந்தது. வலி இல்லை, பயம் இருந்தது. இன்று காலை கட்டு அவிழ்த்தார்கள். கறுப்புக் கண்ணாடி. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் கூடாது, சொட்டு மருந்து நாலு வேளை. ஒரு வாரம் திரை கூடாது.

திரும்பும்போது செம்பரம்பாக்கம் தாண்டி ஒரு தெருக்குழாயில் குடங்கள் வரிசை. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"இன்னாம்மா, தெரிஞ்சவங்க யார்னா கீறாங்களா?"

இல்லை என்றேன்.

"பின்ன இன்னாத்த பாக்குற? குடம்மா அது. பிளாஸ்டிக் குடம்."

ஆமாம். நீலக் குடம். ஆறோ ஏழோ. இப்படி ஒரு நீலத்தை எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தெரியவில்லை.

செப். 26. புதன்.

திரை இல்லை. புத்தகம் இல்லை. ரேடியோவில் சத்தம்தான். முதல் ஆட்டத்தை மனதுக்குள் ஆடப் பார்த்தேன், பத்தாவது சீட்டில் குழம்பிவிட்டது. சொட்டு மருந்து பாதி கன்னத்தில். நடக்கிறேன், உட்காருகிறேன், நடக்கிறேன். இடது கண்ணை மூடினால் சுவர் வெள்ளை. வலதை மூடினால் டீ டிகாஷன் நிறம். வேறு வேலை இல்லாமல் இதையே செய்துகொண்டிருக்கிறேன்.

இசக்கிக்கு இந்த வாரம் பி ஷிஃப்ட், மதியம்தான் கிளம்புவாள். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். மதியம் குளியலறைக்குப் போனால் இரண்டு வாளியும் நிரம்பி, தரையில் இல்லை, துவைக்கிற மேடையின் மேல். குனியாமல் மொள்ளலாம். யார் என்று கேட்கவில்லை. நன்றி சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டிய வேறொன்று முன்னால் நிற்கிறது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் தப்பிப்பது போல.

செப். 29. சனி.

வாரம் முடிந்தது. காலை எட்டுக்கு மின்சாரம் இருந்தது. உருண்டை ஆட்டம், ஒன்பதாம் கட்டம்.

நான் எண்ணி வைத்திருந்தது ஐந்து நிறம். இருப்பது ஏழு. வலது கண்ணால் ஏழு. இடது கண்ணால் ஐந்து. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். நான் பச்சை என்று சண்டை போட்டது நல்ல நீலம், அந்தக் குடங்களின் நீலம். கறுப்பு என்று ஒதுக்கி வைத்திருந்தவை எல்லாம் ஊதா. அழகான ஆட்டம். யாரோ பொறுமையாக நிறம் தேர்ந்து செய்திருக்கிறார்கள்.

ஒன்பதைத் தாண்டினேன். சந்தோஷம் வரவில்லை. மாடியில் பெட்டி இழுக்கும் சத்தம்.

யாரிடமாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறேனா? சிஸ்டர்களிடம், முழங்காலில் நிற்க வைத்தபோது. கணவரிடம்கூட இல்லை, அவரே முந்திக்கொள்வார்.

டேப்பை மெதுவாக உரித்தேன். அம்புக்குறிக்குப் பக்கத்தில் எழுதினேன்: பழுது, பார்த்தவள் கண்ணில். கதவுகள் சரி. வலது கண் சரி செய்யப்பட்டது. தேதி. முழுக் கையெழுத்து.

படி ஏறினேன். கைப்பிடியைப் பிடித்து, பதினெட்டுப் படி. கட்டில் கதவருகே வந்துவிட்டிருந்தது, மேலே கட்டிய மெத்தை. இசக்கி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். டேப்பை நீட்டினேன். அவள் கதவைப் பார்ப்பது போலவே பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சாய்த்து, இரண்டு தரம் படித்தாள்.

"நா பாக்குற கதவு எதுவும் திரும்பி வந்ததில்ல மேடம்."

"தெரியும். தெரியாமல் பேசினேன். தப்பு என்னுடையது."

பிறகு பையிலிருந்து டேப் சுருளை எடுத்தாள். ஒரு துண்டு கிழித்தாள், அம்புக்குறி போட்டாள், என் கறுப்புக் கண்ணாடியின் இடது பக்கத்தில் ஒட்டினாள்.

"கையெழுத்து ஒரு கண்ணுக்குத்தான் செல்லும். இது எப்ப?"

செப். 30. ஞாயிறு.

மேகமூட்டம்.

ஸ்டெல்லாவுக்கு இரண்டாம் கடிதம்: ஐந்தாம் எண்ணில் நான் எழுதியதை அடித்துவிடு. கட்டாயம் ஆடிப் பார். ஏழு நிறம் தெரிகிறதா என்று எண்ணு. தெரியாவிட்டால் ஆட்டத்தைத் திட்டாதே, எனக்கு ஃபோன் செய்.

நாளை: டாக்டருக்கு ஃபோன், இடது கண். பல்பு மாற்ற வேண்டாம், பல்பு சரியாகத்தான் எரிகிறது.

மாடியில் கட்டிலை இழுக்கிறாள். கதவருகிலிருந்து சுவர்ப் பக்கம்.