மைதிலி கச்சேரிக்கு நான் எழுதிய விமர்சனம்

ஜனவரி 18, ஞாயிறு

கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில் எதிர்வீட்டு மைதிலி வழிமறித்தாள். அவள் கச்சேரியைப் பற்றிச் தமிழ்ச் சங்க மலரில் நான் எழுதியதைப் பையிலிருந்து எடுத்தாள். 'ஸ்வரசஞ்சாரத்தின் அதீத மௌனவெளி' என்ற வரியின் கீழ் பென்சில் கோடு.

“அப்பாவுக்கே புரியலை மாமா. நான் நன்னா பாடினேனா, இல்லையா? இல்லேன்னா பாட்டை விட்டுட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கறேன்.”

அன்று மெட்ரோ கூட்டத்துக்குப் பயந்து இரண்டாவது பாட்டிலேயே எழுந்து வந்துவிட்டேன். கேட்காத பாட்டைப் பற்றி எழுதக் கடினமான சொற்கள்தான் உதவின. 'நன்றாகப் பாடினாள்' என்று எழுதுவதற்குக் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

“அதையெல்லாம் ஒரு வார்த்தைல சொல்ல முடியாதும்மா,” என்றேன்.

“புரிஞ்சுது மாமா,” என்று தாளை மடித்தாள்.

நாளைக் காலையில் எதிர்வீட்டில் அவள் சாதகம் செய்யும் குரல் வர வேண்டும். வந்தால் முழுவதும் கேட்பேன்.